துலாவும் தோட்டமும்

ஈழத்தின் வடமுனையிலே, கடலாலும் கடனீரேரிகளாலும் சூழப்பெற்றுக் கிடப்பது யாழ்ப்பாணக் குடாநாடு. மலையென்று சொல்லத்தக்க மேடு அங்கு இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் ஒன்றில்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலிக் கடல்வரை செல்லும் வழுக்கையாறும் மாரிகாலத்து வெள்ளவாய்க்காலேயன்றி வற்றாத நதியன்று. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் பருவமழையே வானம் தரும் பெருங்கொடை. அதன்பின் நீண்ட கோடை. இத்தகைய நிலத்திலே மக்கள் பல நூற்றாண்டுகளாக நெருங்கி வாழ்ந்தனர். கோடையிலும் தோட்டத்தைப் பசுமையாக வைத்திருந்தனர். இஃது எங்ஙனம் இயன்றது? இவ்வினாவுக்கு விடை அரசர் வரலாற்றில் இல்லை. கிணற்றடியிலும், எருக்கும்பியிலும், ஊர்ச் சந்தையிலும் அதனைத் தேடவேண்டும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணக்கற்பாறை. அது புரையோடிய பாறை. மழைநீர் மண்ணிற் சுவறி, பாறையின் வெடிப்புகளின் வழியே கீழிறங்கித் தங்குகின்றது. ஆயினும் அதற்கும் கீழே, நாற்புறமும் கடலோடு தொடர்புடைய உப்புநீர் இருக்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது; உப்புநீர் பாரம் மிக்கது. ஆகவே, நன்னீர் உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. இவ்வியல்பினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து தேசத்துப் பொறியியலாளர் ஒருவரும், பின்னர் 1901ஆம் ஆண்டில் ஜேர்மானியர் ஒருவரும் கணக்கிட்டுக் காட்டினர். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கண்ட விதி. இதன் மறுபக்கமும் உண்டு. மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பதடி உயர்ந்துவிடும். கணக்கினை அறியாத யாழ்ப்பாணத்து உழவன் அதன் பொருளை அனுபவத்தால் அறிந்திருந்தான். மிகுதியாக இறைத்த கிணறு உவர்த்துப்போகும் என்பது ஊரறிந்த செய்தி.

கோப்பாய், உரும்பிராய், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், புத்தூர் முதலிய வலிகாமத்து ஊர்களிலே இப்பாறையின்மேற் படிந்திருப்பது செம்பாட்டு மண். நீர் விட்டால் விரைவில் உறிஞ்சும். எரு இட்டால் நன்கு விளைவிக்கும். எருவின்றி விட்டால் விரைவிலே சோர்ந்துவிடும். வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் மணற்பாங்கான நிலமே மிகுதி. ஆகவே குடாநாட்டு உழவனுக்கு முன்னின்ற கருமங்கள் இரண்டு. ஒன்று, நீரை அளவோடு எடுப்பது. மற்றையது, மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது.

நீரை எடுக்க உதவியது துலா. ஆடுகால்களின்மேற் குறுக்கே பொருத்திய நெடுமரம் அது. அதன் நுனியிற் கட்டிய கொடியிலே, பனையோலையால் இழைத்த பட்டை தொங்கும். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கிணற்றுவாயில் நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரைத் தொட்டியிற் சரிப்பார். இன்னொருவர் வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்திதோறும் மாறிவிடுவார். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் தொடங்கும் இவ்விறைப்பு. மனிதரின் காலும் கையும் சோரும்போது இறைப்பும் நின்றுவிடும். இரவிலே ஊற்று மீண்டும் நிறைந்துவிடும். துலாவினால் ஒரு கிணற்றை வற்றச் செய்வது எளிதன்று. மனித ஆற்றலின் எல்லையே நன்னீர் வில்லைக்குக் காவலாக நின்றது.

ஒரு கிணறு பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பாறையை உடைத்துக் கிணறு தோண்டுவது பெருஞ்செலவான காரியம். ஆகவே பங்காளிகளும் அயற்காணிக்காரரும் கூடித் தோண்டினர், முறைவைத்து இறைத்தனர். காணி உறுதிகளிலே நிலத்தோடு கூடக் கிணற்றிற் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது வழக்கமாயிற்று. தோட்டக்காணியை அளக்கும் பரப்பும் வேளாண்மையிலிருந்தே பிறந்தது. வரகு விதைப்புக் கணக்கிலே பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைப்புக் கணக்கு வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1706, 1707ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு என்பவர் இம்மக்களின் வழக்கங்களைத் தொகுத்தார். அதுவே தேசவழமை. பின்னர் ஆங்கிலேயரும் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு அளித்தனர். ஒருவர் தமது காணியை விற்க நினைத்தால், அதனை வாங்கும் முதலுரிமை உடன்பங்காளர் முதலிய உரித்தாளருக்கு உண்டு என்பது அதன் விதிகளுள் ஒன்று. நிலம் தனிமனிதனுடைய பொருளாயினும், அயலின் நலனிலிருந்து முற்றாகப் பிரிக்கத்தக்கதன்று என்ற எண்ணம் இவ்விதியின் அடியில் இருந்தது.

இனி எருவின் கதை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மண்ணுக்கு உணவூட்டிய முறைகள் பல. அறுவடை முடிந்த தோட்டத்தில் ஆடு மாடுகளை இரவிலே பட்டி அடைப்பர். தட்டிகளால் ஓரிடத்தை வளைத்து மந்தையை அதனுள் விடுவர். அடுத்த நாள் தட்டிகளை நகர்த்தி வேறிடத்தில் அடைப்பர். இவ்வாறு சில நாட்களிலே தோட்டம் முழுவதும் எரு விழுந்துவிடும். சாணத்தோடு சலமும் வீணாகாது மண்ணிற் சேரும். மந்தை வைத்திருந்தவருக்குத் தோட்டம் இல்லாதிருக்கலாம். தோட்டம் வைத்திருந்தவருக்கு மந்தை இல்லாதிருக்கலாம். பட்டி இருவரையும் பிணைத்தது.

அடுத்தது குழை தாழ்த்தல். பூவரசு, வேம்பு, கிளுவை, ஆவரசு, எருக்கலை, காவிளாய் ஆகியவற்றின் குழையைக் கொத்திய மண்ணிற் புதைப்பர். வேலியில் நின்ற கிளுவையும் பூவரசும் எல்லையைக் காத்தன, ஆட்டுக்கு உணவாயின, தறிக்கப்பட்டபோது பயிருக்கும் உணவாயின. உள்ளூர்க் குழை போதாதபோது வன்னிக் காட்டிலிருந்து வண்டி வண்டியாகக் குழை வந்தது. கடற்கரையூர்களிலே கரையொதுங்கும் சாதாளையை அள்ளி, மழையில் உப்பகலவிட்டு, எருவாக இட்டனர். கோடையில் வற்றிய குளத்தின் வண்டலும் வயலுக்கும் தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. குளத்துக்கு ஆழமும் மண்ணுக்கு வளமும் ஒரே வேலையால் கிடைத்தன.

பனையை இங்கு தனியே குறிப்பிடவேண்டும். பனையின் பச்சை ஓலை வேலியடைக்கவும் வீடு வேயவும் உதவியது. ஓரிரு மாரி கண்டு இற்றுப்போன ஓலையைக் கழற்றியபின் அதனை எறிந்துவிடும் வழக்கம் இல்லை. தோட்டத்தில் தாழ்த்தப்பட்டு அது மண்ணாயிற்று. ஒரே ஓலை முதலில் நிழலாகவும், பின்னர் மறைப்பாகவும், ஈற்றில் உரமாகவும் பயன்பட்டது. குப்பையென்று ஒன்று அக்காலத்துத் தோட்டக்காரரின் கணக்கில் இருந்ததில்லை.

பயிர்செய்யும் முறையிலும் இக்கணக்கு விளங்கியது. பெருந்தொகை எருவிட்டுப் புகையிலை நட்டவர், அதன்பின் அதே மண்ணிற் குரக்கனையோ மரக்கறியையோ விளைவித்தார். முற்பயிருக்கு இட்ட எருவின் மிச்சம் பிற்பயிருக்கு உதவியது. மாரியில் நெல் விளைந்த வயலிலே, ஈரம் முற்றாக வற்றுமுன் பயறும் எள்ளும் சணலும் விதைக்கப்பட்டன. பயறும் சணலும் காற்றிலுள்ள நைதரசனைத் தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் மண்ணிற் சேர்ப்பன என்பது விஞ்ஞானம் பிற்காலத்திற் கண்ட உண்மை. அவ்வயலில் அடுத்த ஆண்டு நெல் நன்றாக விளையும் என்பதே உழவன் கண்ட உண்மை. 1845ஆம் ஆண்டு முதல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய சேர் எமேர்சன் ரெனன்ற், 1859ஆம் ஆண்டில் வெளியான தமது நூலிலே யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தோட்டங்களை வியந்து எழுதினார்.

இவ்வாறு விளைந்தவை ஊர்ச் சந்தையிலே கூடின. சுன்னாகம், சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி, அச்சுவேலி, சங்கானை, திருநெல்வேலி என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சந்தை. வலிகாமத்துக் கத்தரியும் வெங்காயமும், தென்மராட்சிப் பலாவும் மாங்காயும், கடற்கரை மீனும் கருவாடும், பனங்கட்டியும் ஓலைப்பெட்டியும் அங்கு ஒன்றையொன்று சந்தித்தன. மீனுக்குக் கிழங்கும், நெல்லுக்குக் கடகமும் மாறிய பண்டமாற்றும் நெடுங்காலம் நிலவியது. விற்பவரை வாங்குபவர் அறிவார். அவருடைய தோட்டம் எத்திசையில் உள்ளதென்பதையும் அறிவார். மருந்தடித்த காயை அறிந்துகொண்டே அயலவனுக்கு விற்பது இத்தகைய சந்தையில் எளிதன்று.

ஒடியற்கூழின் பானையை நோக்கினால் இந்தச் சமூகத்தின் முழு வடிவத்தையும் காணலாம். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மா அதற்கு அடிப்படை. அதனோடு கடலின் மீனும் நண்டும் இறாலும், தோட்டத்தின் பயிற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் செத்தல் மிளகாயும், வளவின் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் சேரும். கூழ் காய்ச்சும் நாளில் ஒரு வீட்டார் மட்டும் உண்பதில்லை. அயலவரும் கூடி அமர்ந்து பனையோலைப் பிளாவில் குடிப்பர். கடலும் தோட்டமும் பனையும் ஒரு பானையிற் கூடின. அயலும் அப்பானையைச் சுற்றிக் கூடிற்று.

ஆயினும் பழமையைப் போற்றும்போது உண்மையை மறைத்தலாகாது. குடாநாடு முழுத் தன்னிறைவு பெற்றிருந்ததில்லை. அரிசி வன்னியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தது. குழையின் ஒரு பகுதி வன்னிக் காட்டின் வளத்தைக் கொண்டுவந்தது. அதனினும் பெரிய குறை மனிதர் மனிதரை நடத்திய முறையிலே இருந்தது. துலா மிதித்தவருள்ளும் மண் கொத்தியவருள்ளும் பலருக்குச் சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லை. தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. 1844ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின்னரும், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் பொதுக்கிணற்றில் நீரள்ளும் உரிமையின்றி, பிறர் வார்க்கும்வரை காத்துநின்ற காட்சி ஊர்களில் நீங்கவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயிரம் பட்டை நீர் இறைத்தவனுக்கு அக்கிணற்றிலே ஒரு கை நீர் அள்ள உரிமையில்லை என்பது, நீரைப் பேணிய அச்சமூகத்தின் நீங்காத கறை.

வெளியுலகின் வாணிகமும் இத்தோட்டங்களை மாற்றிவந்தது. மிளகாயும் புகையிலையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியரின் கடல்வாணிகம் அவற்றைக் கீழைத்தேசங்களுக்குக் கொணர்ந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருந்தொகையாக ஏற்றுமதியாயிற்று. 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறையும் கொழும்பும் புகையிரதப் பாதையால் இணைந்தன. அதன்பின் தென்னிலங்கைச் சந்தையும் குடாநாட்டுத் தோட்டத்துக்கு அண்மையதாயிற்று. எனினும் துலாவும் பட்டியும் குழையும் நிலைத்திருந்தவரை, வெளிச்சந்தை எவ்வளவு கேட்டாலும் நிலம் கொடுக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை இருந்தது.

அவ்வெல்லை 1950ஆம் ஆண்டுகளின் பின் உடைந்தது. ஊரார் ‘மிசின்’ என அழைத்த நீரிறைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடிற்று. பலர் கூடி அரைநாள் செய்த இறைப்பை அது சிறிது நேரத்திற் செய்து முடித்தது. துலா மிதித்தோரின் உடல்வருத்தம் நீங்கியது. அது பெரும் நன்மையே. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நீர் எடுப்பதற்கு மனித உடல் இட்டிருந்த எல்லையும் உடன் நீங்கியது. அதே காலத்தில் யூரியா முதலிய இரசாயன உரங்களும் பூச்சிமருந்துகளும் வந்தன. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, சிறப்பாக 1970ஆம் ஆண்டுக்குப் பின், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் முன்னொருபோதும் காணாத வருமானத்தைக் கண்டனர். கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அவ்விலை சரிந்தது. விலை உயர்ந்தபோது மண்ணிடம் மிகுதியாகக் கேட்ட பழக்கமோ விலையோடு சரியவில்லை.

மண்ணின்மேல் நிகழ்ந்தது கிணற்றிலே தெரிந்தது. புரையோடிய பாறை மழைநீரை மட்டும் கீழிறக்குவதில்லை. பயிர் உண்ணாத உரத்தையும் அதே வழியில் இறக்குகின்றது. 1980ஆம் ஆண்டுகளிலே ஆய்வாளர்கள் வலிகாமத்துக் கிணறுகளைச் சோதித்தபோது, பலவற்றில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருக்கக் கண்டனர். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பால்மாக் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கு அது மூச்சுக்காற்றின் பயனையே குறைக்கும் நஞ்சாகும். தோட்டத்துக்கு உரமிட்டவர் தம் பேரப்பிள்ளையின் பாலிலும் அதனை அறியாமல் இட்டவராயினர். அவரது தோட்டம் தொலைவில் இருந்தாலும், அயலவரின் உரம் நிலத்தடியால் நடந்து அவரது கிணற்றுக்கு வந்தது. கிணற்றுக்கு உறுதி எழுதலாம். நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் நாட்ட இயலாது.

1990ஆம் ஆண்டு தொடங்கி வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருளும் இரசாயன உரமும் தடைப்பட்டன. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அத்துன்பக் காலத்திலே, கைவிடப்பட்ட துலாக்கள் சில தோட்டங்களில் மீண்டும் எழுந்தன. குழையும் சாணமும் சாதாளையும் மதிப்புப் பெற்றன. வளவிலே மரவள்ளியும் முருங்கையும் பயிற்றையும் நட்டவர் அயலவருக்கும் பகிர்ந்தளித்தனர். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சி சென்றபோது, முன்பின் அறியாதவர்க்கும் அங்குள்ள வளவுகள் இடமும் உணவும் கொடுத்தன. முதியோர் நினைவில் எஞ்சியிருந்த பழைய அறிவே அக்காலத்தில் அடுப்பை எரியவைத்தது. அறிவு தப்பியது, ஆயின் அதனைத் தாங்கிய பல பொருள்கள் தப்பவில்லை. காவலரண்களுக்காகப் பனைகள் ஆயிரமாயிரமாகத் தறிக்கப்பட்டன. வலிகாமம் வடக்கின் செழிப்பான செம்பாட்டு நிலங்கள் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டன.

போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றபின் உரமும் இயந்திரமும் மீண்டும் வந்தன. பின்னர், 2021ஆம் ஆண்டு சித்திரையிலே இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தும் தீர்மானத்தை அரசாங்கம் மேற்கொண்டது. போதிய மாற்றெரு ஆயத்தமாகவில்லை, மந்தைகள் குறைந்திருந்தன, உழவருக்குக் காலமும் கொடுக்கப்படவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு கார்த்திகையிலே தடை நீக்கப்பட்டது. இதிலிருந்து இயற்கை எரு பயனற்றது என்று முடிவுகட்டியோர் பலர். அது பிழையான முடிவு. பட்டியும் குழையும் வேலிமரமும் பயிர்மாற்றமும் ஒன்றோடொன்று பின்னிய ஒழுங்கு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. அதனை ஓர் ஆணையால் ஒழிக்கவும் இயலாது, ஓர் ஆணையால் உண்டாக்கவும் இயலாது என்பதே அவ்வாண்டு கற்பித்த பாடம்.

மண்ணைப் புதுப்பிக்கும் இவ்வேளாண்மையை உலகம் இன்று புதிய பெயர்களால் அழைக்கின்றது. இந்தியாவிலே 1905ஆம் ஆண்டு முதல் கால்நூற்றாண்டு பணியாற்றிய அல்பேட் ஹோவாட் என்ற ஆங்கிலேயப் பயிரியலறிஞர், இந்தூரிலே கூட்டெரு முறையை வகுத்தார். கற்பிக்க வந்த அவர், அந்நாட்டு உழவரையே தம் ஆசிரியராகக் கொண்டதாகப் பின்னர் எழுதினார். விளைவிப்போரும் உண்போரும் நேரே பிணைந்துகொள்ளும் கூட்டங்கள் யப்பானிலே 1970ஆம் ஆண்டுகளிலும், அமெரிக்காவிலே 1980ஆம் ஆண்டுகளிலும் தோன்றிப் பெருகின. சுன்னாகத்துச் சந்தையையும் கூழ்ப்பானையையும் அறிந்த மக்களுக்கு அவை அந்நியமான கருத்துகள் அல்ல.

துலாவை மீண்டும் நாட்டுவதால் மட்டும் பயன் விளையாது. பிறரை மிதிக்கவைத்த காலத்தை எவரும் திரும்ப விரும்பார். துலா கற்பித்த அளவையே காத்தல் வேண்டும். தூர்ந்த குளங்களைத் தோண்டினால் மாரிநீர் கடலுக்கு ஓடாது கிணற்றுக்கு இறங்கும். வெங்காயத்தின் பின் பயறு விதைத்தால் உரச்செலவு குறையும். வேலியிலே தகரத்துக்குப் பதிலாகப் பூவரசு நின்றால் குழைக்கு வன்னி செல்லவேண்டியதில்லை. அயலூர்த் தோட்டத்துக் கத்தரிக்காயைக் கேட்டு வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்காரியும் இவ்வேளாண்மையில் ஒரு பங்காளியே. யாழ்ப்பாணத்தார் அனைவரும், எல்லைவேலிகளுக்குக் கீழே, ஒரே கிணற்றிலிருந்து குடிக்கின்றனர். அக்கிணற்றிற் பங்கு, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் உண்டு.